ரூவான் ஜோன் ஆஃப் ஆர்க் தேவாலயம்: வெளியே நின்று முடிவு கட்டாதீர்கள்

பிரான்ஸின் ரூவான் நகரில் வியூ-மார்ஷே என்கிற பழைய சந்தைத் திடலுக்கு வருகிறவர்களில் பலர், தேவாலயத்தின் முன்னாலேயே நின்றுகொண்டு தேவாலயம் எங்கே என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுற்றிலும் மரச்சட்டம் தெரியும் நார்மண்டி வீடுகள். நடுவில் திமிங்கிலம் கரை ஒதுங்கியதுபோல் கற்பலகை ஓடு வேய்ந்த, கூரான, வளைந்த ஒரு கூரை. கோபுரம் இல்லை, முகப்பு என்று சொல்லத்தக்க முகப்பும் இல்லை. கூரையின் ஒரு பகுதி அப்படியே நீண்டு போய் மீன், பழம், பாலாடைக்கட்டி விற்கிற சந்தைக் கொட்டகையைத் தொடுகிறது. இதுதான் ஜோன் ஆஃப் ஆர்க் தேவாலயம். 1979இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் லூயி அரெத்ஷ், போரில் நொறுங்கிய சேன்-மாலோ நகரை மீண்டும் எழுப்பிய வேலைக்குத் தலைமை தாங்கியவர்.

வெளியே நின்று பார்த்து "நன்றாக இல்லை" என்று திரும்புகிறவர்கள் அதிகம். வெளித்தோற்றத்தை நாங்களும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் இந்தக் கட்டடத்தை வெளியிலிருந்து மதிப்பிடுவது, நகைப்பெட்டியின் மூடியைப் பார்த்து நகைக்கு விலை சொல்வதுபோல. உள்ளே இருக்கும் பதினாறாம் நூற்றாண்டுக் கண்ணாடிகளைப் பாதுகாக்கச் செய்த பெட்டி இது. அதை மனதில் வைத்துப் போனால் ஏன் இந்த வடிவம், ஏன் ஒரு பக்கம் மட்டும் இவ்வளவு திறப்பு என்பதெல்லாம் புரிய ஆரம்பிக்கும்.

கண்ணாடிகளின் கதையைத் தெரிந்துகொண்டு போவது அவசியம், ஏனென்றால் உள்ளே விளக்கப் பலகைகள் போதாது. இதே நகரில், இங்கிருந்து சில நிமிட நடையில், புனித வின்சென்ட் ஆலயம் என்று ஒன்று இருந்தது. அதன் பீடப்பகுதியைச் சுற்றி 1520, 1530களில் செய்த பதின்மூன்று பெரிய ஜன்னல்கள். 1939இல் போர் மூண்டதும் கண்ணாடிகளைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பெட்டிகளில் அடுக்கிப் பத்திரப்படுத்தினார்கள். 1944 மே மாத இறுதியில், நார்மண்டித் தரையிறக்கத்துக்குச் சில நாள் முன்பு, சேன் ஆற்றுப் பாலங்களைக் குறிவைத்து நேச நாட்டு விமானங்கள் குண்டு பொழிந்தன. ரூவான்காரர்கள் "சிவப்பு வாரம்" என்று சொல்வது அந்த நாள்களைத்தான். ஆலயம் போய்விட்டது. கண்ணாடி பிழைத்தது. ஆனால் அதை மாட்ட இடமில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெட்டியிலேயே கிடந்தது.

இன்னொரு பக்கம், ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையோடு போரிட்ட இளம்பெண் ஜோன் எரிக்கப்பட்ட இந்தத் திடலில் அவளுக்கென்று ஒரு கோயில் வேண்டும் என்ற பேச்சு பழையது. 1431 மே 30 அன்று, ஏறத்தாழப் பத்தொன்பது வயதில், திருச்சபைக்கு எதிரானவள் என்று தீர்ப்புச் சொல்லி அவளை இங்கே எரித்தார்கள். 1456இல் மறுவிசாரணை நடத்தித் தீர்ப்பை ரத்து செய்தார்கள். 1920இல் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் புனிதர் பட்டம் கொடுத்தார். ஆக, வீடில்லாத கண்ணாடியும் கோயில் இல்லாத புனிதையும் ஒரே கூரைக்குக் கீழ் வந்ததுதான் இந்தக் கட்டடம்.

உள்ளே நுழைந்ததும் கண்ணாடிக்கு ஓடாதீர்கள். முதலில் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். படகைக் கவிழ்த்து வைத்த மாதிரி மரக்கூரை. கிறிஸ்தவக் கட்டடக் கலையில் மக்கள் அமரும் கூடத்துக்கே கப்பல் என்ற பொருள்படும் பெயர்தான். அரெத்ஷ் அதை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார். பக்கத்து ஜன்னல்கள் சில மீன் வடிவில் இருக்கும். மீன், ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம். வெளிக்கூரையின் கூர்முனைகள் தீ நாக்குகளாம். கப்பல், மீன், தீ என்று ஒரே கட்டடத்தில் மூன்று உவமைகளைத் திணித்தது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் உள்ளே அந்த மரக்கூரை வேலை செய்கிறது. கண்ணாடி வழியே வரும் நிறத்தோடு அது போட்டி போடாமல் ஒதுங்கி நிற்கிறது. வெள்ளைச் சுண்ணச் சுவராக இருந்திருந்தால் பாதி விளைவு போயிருக்கும்.

பிறகு கண்ணாடி. ஒரு பக்கம் முழுக்க, இடைவெளி விடாமல், பழைய ஜன்னல்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். இங்கேதான் இந்தப் புதுக் கட்டடம் எந்தப் பழைய கதீட்ரலையும் விட ஒரு படி மேலே நிற்கிறது. கோத்திக் ஆலயங்களில் நல்ல கண்ணாடி எல்லாம் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், தூணுக்குப் பின்னால், ஒன்றிலிருந்து ஒன்று விலகி இருக்கும். இங்கே பதின்மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், எவ்வளவோ தாழ்வில். முகத்தின் தாடிக் கோடுகூட வெறுங்கண்ணுக்குத் தெரிகிற கீழ்ப்பலகைகள் உண்டு. மேல் வரிசைக்கு மட்டும் எட்டு மடங்கு பெரிதாக்கும் சின்ன பைனாகுலர் கொண்டு போங்கள். பத்து மடங்கு வேண்டாம். கை நடுக்கத்தில் படம் ஆடும்.

பார்க்கும் முறை ஒன்று உண்டு. பழைய ஜன்னல்கள் பலவற்றில் கதை கீழிருந்து மேலே, இடமிருந்து வலமாகப் போகும். அப்படிப்பட்ட ஜன்னலைப் புத்தகம் மாதிரி மேலிருந்து ஆரம்பித்தால் முடிவைத்தான் முதலில் படிப்பீர்கள். புனித பேதுரு, அன்னம்மாள், திருமுழுக்கு யோவான், ஆண்டவரின் பாடுகள், சிலுவைச் சாவு, உயிர்ப்பு என்று நம் கத்தோலிக்கக் குடும்பத்துக் குழந்தைகளே அடையாளம் சொல்லிவிடக்கூடிய காட்சிகள். பதுவை அந்தோணியாருக்கும் ஒரு ஜன்னல். பசியோடு இருந்த கோவேறு கழுதை தீவனத்தை விட்டுவிட்டு நற்கருணை முன் மண்டியிட்ட அற்புதம் அதில் இருக்கிறது. உவரிக்கும் கச்சத்தீவுக்கும் போய்வருகிறவர்கள் அந்த ஜன்னலைத் தேடாமல் திரும்ப மாட்டார்கள். இரக்கச் செயல்களின் ஜன்னலில் சாமியார்களைவிட மனிதர்களைப் பாருங்கள். பசித்தவருக்கு உணவு, ஆடையற்றவருக்கு ஆடை என்று சொல்லும் சாக்கில் அந்தக் காலத்து ரூவான் துணிமணி, தொப்பி, பாத்திரம் எல்லாம் வந்துவிடுகிறது.

நேரம் குறைவென்றால் ஒன்றே ஒன்றுக்கு நில்லுங்கள். தேர்களின் ஜன்னல். போவே நகரத்து அங்ராங் லெ பிரான்ஸ் குடும்பப் பட்டறையின் வேலை. மூன்று வெற்றித் தேர்கள். ஒன்றில் பாவம் அறியாத ஆதாமும் ஏவாளும். இன்னொன்றில் சாத்தானின் வெற்றி, ஆதாமும் ஏவாளும் கைதிகள். மூன்றாவதில் மரியாளின் வெற்றி. ரோமாபுரிப் படை ஊர்வலத்தை இத்தாலிய மறுமலர்ச்சி ஓவியர்கள் வரைந்த பாணி, வடக்கே வந்து கண்ணாடியில் ஏறியிருக்கிறது. ஜோனை விசாரித்துத் தண்டித்த நீதிமன்றத்தின் தலைவர் பியேர் கோஷோன் அதே போவே நகரின் ஆயர் என்பதை நினைத்தால், அந்த ஊரின் மிகச் சிறந்த கைவேலை அவள் கோயிலில் வந்து உட்கார்ந்திருப்பது வேடிக்கைதான்.

நிறங்களை எப்படிக் கொண்டு வந்தார்கள் என்று தெரிந்தால் பார்ப்பது இரட்டிப்பாகும். சிவப்பை முழுத் தடிமனுக்கும் கலந்தால் கண்ணாடி கிட்டத்தட்டக் கருப்பாகிவிடும். அதனால் வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புத் தோல் ஒன்றை ஊதி ஒட்டுவார்கள். பிறகு அந்தத் தோலை மட்டும் தேய்த்து எடுத்தால் சிவப்பின் நடுவே வெள்ளைப் பூ, வெள்ளை மணி. ஆடைக் கரைகளில், கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டை இல்லாமலேயே இரண்டு நிறம் தெரிந்தால் அது இந்த வேலை. மஞ்சளுக்கு வேறு வழி. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் பூசிச் சூளையில் சுட்டால் எலுமிச்சையிலிருந்து அம்பர் வரை மஞ்சள் ஊறி இறங்கும். தலைமுடி, கிரீடம், தேர்ச்சக்கரம் எல்லாம் இதுதான். அதையே நீலக் கண்ணாடியின் மேல் பூசினால் பச்சை. புல்லும் மரமும் அப்படி வந்தவை. வெள்ளி மஞ்சள் இருக்கும் மிகப் பழைய ஜன்னல்களில் ஒன்று, 1313ஐச் சேர்ந்தது, இதே நார்மண்டியில்தான் இருக்கிறது. நம்மூர்ப் பொற்கொல்லர் பொன்னுக்கு நிறம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சூளை ரகசியம் அந்நியமாகத் தெரியாது.

முகத்தின் குறுக்கே ஓடும் கோணல்மாணலான மெல்லிய கோடுகள் ஓவியரின் கோடுகள் அல்ல. பிற்காலத்தில் உடைந்து ஈயம் வைத்து ஒட்டிய இடங்கள். அவற்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்கக் கண் பழக ஒரு பத்து நிமிடம் ஆகும்.

வெளிச்சத்தைப் பற்றி எல்லோரும் தப்பாகவே சொல்கிறார்கள். "வெயில் நாளில் போ" என்பார்கள். கண்ணாடிக்கு நேராக வெயில் விழுந்தால் அந்தப் பகுதி கண்ணைக் கூசும், பக்கத்துப் பகுதி இருட்டாகிவிடும். தரையில் நிறத்திட்டுகள் விழுவது அழகு, அவ்வளவுதான். நுணுக்கம் பார்க்க வேண்டுமென்றால் மேகம் மூடிய, ஆனால் வெளிச்சமான வானம்தான் நல்லது. மழைக்குப் பேர்போன ரூவானில் அதற்குப் பஞ்சமில்லை. நார்மண்டியின் மூத்திரச்சட்டி என்றே இந்த ஊருக்குப் பட்டப்பெயர். குளிர்காலத்தில் மாலை நாலரைக்கு மேல் போனால் கண்ணாடி கரும்பலகை ஆகிவிடும். டிசம்பர், ஜனவரியில் மதிய இடைவேளை முடிந்து கதவு திறந்தவுடன் போய்விடுங்கள்.

கைபேசியில் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று. கேமரா இருண்ட கூடத்தைப் பார்த்துத் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கண்ணாடி வெளுத்துப்போகும். திரையில் கண்ணாடியின் மிகப் பிரகாசமான இடத்தைத் தொட்டு, சூரியக் குறியைக் கீழே இழுத்து, சிவப்பு சிவப்பாகத் தெரியும் வரை இருட்டாக்குங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்சம் பின்னாலிருந்து வரவேண்டிய பொருளுக்கு முன்னாலிருந்து ஒளி அடித்தால் ஈயப் பட்டையும் தூசியும்தான் பதிவாகும்.

இனி நேரம். பலர் ஏமாறுவது இங்கேதான். பொதுவாகக் காலை 10 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 6 வரை திறந்திருக்கும். வெள்ளிக்கிழமை காலையும் ஞாயிற்றுக்கிழமை காலையும் சுற்றிப் பார்க்கிறவர்களுக்குக் கிடையாது. பாரிஸிலிருந்து பத்தரை மணி ரயிலைப் பிடித்து வருகிறவர்கள் சரியாகப் பூட்டிய கதவின் முன் வந்து நிற்பார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. திருப்பலி நடக்கும்போது கண்ணாடிப் பக்கம் உலாவ வேண்டாம். இது அருங்காட்சியகம் அல்ல, இயங்குகிற பங்குக் கோயில். திருமணம், அடக்கச் சடங்கு என்று திடீரென மூடுவதும் உண்டு. அதனால் பண்டிகை வாரங்களில் நகரச் சுற்றுலா அலுவலகத்தின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது உத்தமம்.

கிழமையைத் தேர்ந்தெடுப்பதிலும் கணக்கு இருக்கிறது. ஓவியர் மோனே திரும்பத் திரும்ப வரைந்த கதீட்ரல் திங்கள் காலையில் மூடியிருக்கும். அன்று மணிக்கூண்டுக் கட்டடமான குரோ-ஒர்லோஜும் கிடையாது. செவ்வாயில் நுண்கலை அருங்காட்சியகம் விடுமுறை. வெள்ளி, ஞாயிறு இந்தத் தேவாலயத்தின் காலை போய்விடும். கழித்துப் பார்த்தால் புதன், வியாழன், சனி. சனியன்று கூட்டம் அதிகம்.

பாரிஸின் லா ஷப்பல் பக்கத்திலிருந்து வருகிற தமிழர்களுக்கு வழி சுலபம். மஜாந்தா நிலையத்தில் ஈ தடப் புறநகர் ரயில் ஏறினால் ஒரே நிறுத்தத்தில் ஓஸ்மான்-சேன்-லசார். நிலத்துக்கடியிலேயே நடந்து சேன்-லசார் ரயில் நிலையம். அங்கிருந்து நோமாட் ரயில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். இறங்க வேண்டியது ரூவான் ரீவ்-துருவாத். ரூவான் நார்மண்டியில் இருப்பதால் பாரிஸ் வட்டார நவிகோ அட்டை செல்லாது. அதை நம்பி ஏறி அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. தனிப் பயணச்சீட்டு, முன்கூட்டியே எடுத்தால் மலிவு. நிலையத்திலிருந்து ஜோன் ஆஃப் ஆர்க் தெரு வழியே நேராகக் கீழே இறங்குங்கள். குரோ-ஒர்லோஜ் தெரு குறுக்கிடும் இடத்தில் இடப்பக்கம் மணிக்கூண்டு, வலப்பக்கம் பழைய சந்தைத் திடல். போக ஒரு கால் மணி நேரம். திரும்பும்போது மேடு, இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஜோன் ஆஃப் ஆர்க் கோபுரம் என்று ஒன்று இருக்கும். அவளை அடைத்து வைத்த சிறை அதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். சிறை இருந்தது அதே கோட்டையின் வேறொரு கோபுரத்தில், அது இப்போது இல்லை. நிற்கிற கோபுரத்தில் 1431 மே 9 அன்று சித்திரவதைக் கருவிகளைக் காட்டி அவளை மிரட்டினார்கள். முழுக் கதையும் வேண்டுமென்றால் கதீட்ரலை ஒட்டிய பேராயர் மாளிகையில் 2015இல் திறந்த ஜோன் வரலாற்றுக் காட்சிக்கூடம் இருக்கிறது. குழந்தைகளோடு வந்தால் அதைத் தேவாலயத்துக்கு முன்பே பார்ப்பது நல்லது.

தேவாலயத்தை விட்டு வெளியே வந்ததும் திடலைக் காலால் படிக்க வேண்டும். எரித்த இடத்தில் ஒரு சிறு பலகையும் செடிப் பாத்தியும் மட்டுமே. எதிர்பார்ப்போடு வருகிறவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். எங்களுக்கு அந்தச் சிறுமை பிடித்திருக்கிறது. பக்கத்தில் உயரமான சிலுவை, மறுவிசாரணைத் தீர்ப்பின் நினைவாக. தேவாலய வெளிச்சுவரையொட்டி, தலையைப் பின்னால் சாய்த்துக் கண் மூடி நிற்கும் ஜோனின் சிலை. 1928இல் மாக்சிம் ரியல் தெல் சார்த் செதுக்கியது. முதல் உலகப்போரில் இடது முன்கையை இழந்தவர் அவர். அதற்குப் பிறகு செய்த சிலை இது என்று தெரிந்து பார்த்தால் கல்லின் பிடி வேறாகத் தெரியும்.

தரையில் தெரிகிற சுவர் அடித்தளங்கள் குப்பை மேடு அல்ல. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் இடித்துத் தள்ளிய சேன்-சோவேர் ஆலயத்தின் கோடுகள். நாடகாசிரியர் பியேர் கொர்னேய் 1606இல் பிறந்த வீடு இந்தத் திடலிலிருந்து பிரியும் 'ரூ த லா பி' என்ற தெருவில், இன்று அருங்காட்சியகம். புதுச்சேரிக்காரர்களுக்கு ஜோன் புதியவள் அல்ல. துய்மா தெருவில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே அவள் சிலை நிற்கிறது. கொடியோடு நிற்கும் அந்தப் போர்வீராங்கனைக்கும் ரூவானில் தீயில் நிற்கும் பெண்ணுக்கும் உள்ள தூரம் கவனிக்கத் தக்கது.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. திடலைச் சுற்றி மேசை போட்ட கடைகளில் பாதி, இடத்துக்குத்தான் விலை போடுகின்றன. லா குரோன், 1345 என்று நெற்றியில் எழுதிய விடுதி, பிரான்ஸிலேயே பழையது என்று சொல்லிக்கொள்கிறது. அமெரிக்காவுக்குப் பிரெஞ்சுச் சமையலைக் கற்றுக்கொடுத்த ஜூலியா சைல்ட் 1948இல் முதன்முதலில் வெண்ணெயில் வறுத்த சோல் மீன் சாப்பிட்டது இங்கே. விலை அதற்கேற்ப. மதிய உணவுப் பட்டியலைக் கேட்டு வாங்கினால் கொஞ்சம் தாங்கும். சைவக்காரர்களுக்குக் கரும்கோதுமை (பக்வீட்) மாவில் தோசைபோல் சுடும் கலெத் கைகொடுக்கும். சீஸும் காளானும் வைக்கச் சொல்லுங்கள். கல்லில் தடவுவது வெண்ணெயா பன்றிக் கொழுப்பா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், இரண்டும் வழக்கம். சந்தைக் கொட்டகையில் இதய வடிவ நெஃப்ஷாத்தெல் சீஸ் வாங்கலாம். ஓசு சாக்லெட் கடையில் "ஜோன் ஆஃப் ஆர்க்கின் கண்ணீர்" என்று பெயரிட்ட, வறுத்த பாதாம் பருப்பின் மேல் பாகும் கோகோவும் பூசிய மிட்டாய் கிடைக்கும். பெயர் கொஞ்சம் நெருடினாலும் ருசி குறை சொல்ல முடியாதது. கோடையில் பையில் இரண்டு மணி நேரம் தாங்கும், மூன்றாவது மணியில் ஒட்டிக்கொள்ளும்.

குறைகள் என்றால், விளக்கங்கள் போதாது, பதின்மூன்று ஜன்னல்களையும் வரிசைப்படுத்திச் சொல்கிற எளிய வரைபடம் ஒன்று வாசலில் வைத்திருக்கலாம். மதியம் இரண்டு மணி நேரம் மூடுவது ஒருநாள் பயணிகளுக்கு இடைஞ்சல். கூரை நீண்டு சந்தையோடு சேர்வது வரைபடத்தில் நன்றாக இருந்திருக்கும். நேரில் வாசலைக் கண்டுபிடிக்க ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கிறது. 2002இல் இதை வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். அதனால் இனிக் கூரையில் கை வைப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உள்ளே குறைந்தது நாற்பத்தைந்து நிமிடம் கொடுங்கள். சுற்றுலாக் குழுக்கள் பத்து நிமிடத்தில் நுழைந்து வெளியேறும். பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒரு குழு போனதும் அடுத்தது வருவதற்குள் கூடம் வெறிச்சோடிக் கிடக்கும், அதுதான் தேர்களின் ஜன்னல் முன் உட்கார நேரம். மே கடைசி வார இறுதியில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஜோன் திருவிழா நடக்கும், அவள் சாம்பலைக் கரைத்த சேன் ஆற்றில் பாலத்திலிருந்து பூ வீசுவார்கள், திடலில் நிற்கவே இடம் இருக்காது. விழாவுக்கென்றே வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்க இன்னொரு நாள் திரும்பி வர வேண்டியிருக்கும்.